சுவரில் ஆணி அடிக்காமல் ஒரு தச்சுப் பட்டறை

ஆச்சியின் கைப்பெட்டி சரியாகிவிட்டது. ஓரம் உளுத்துப்போயிருந்த அடிப்பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை போட்டேன். மூடியின் கீல் இரண்டையும் மாற்றி, மெழுகு தேய்த்துக் கொடுத்தேன். வேலை நடந்த அத்தனை நேரமும் உளிக்காகவோ மூலைமட்டத்துக்காகவோ அறையைச் சுற்றிவரவில்லை. பட்டறை ஒழுங்குக்கு வந்துவிட்டது என்று அதை வைத்துத்தான் முடிவுகட்டினேன். பழைய செட்டிநாட்டு வீட்டின் ஒரு மூலையில் தச்சுவேலைக்கு இடம் பிடிக்க நினைக்கிற யாருக்காவது உதவும் என்று, செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வீடு காரைக்குடிக்குப் பக்கம். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நீளும் வழக்கமான வீடு. மூன்றாம் கட்டில், அடுப்படிக்கு எதிர்வரிசையில், முன்பு நெல்லும் புளியும் போட்டுவைத்த அறை ஒன்று சும்மா கிடந்தது. உள்ளளவு 18 அடிக்கு 10 அடி. முற்றத்தைப் பார்த்து வடக்கு முகமாக ஒரு ஜன்னல். வாசல் நிலை 2 அடி 9 அங்குல அகலம், 5½ அடி உயரம், குனிந்துதான் நுழையவேண்டும். மேலே தேக்கு உத்தரங்களின் மீது செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்த மெட்ராஸ் டெரஸ் தளம். தரையிலிருந்து உத்தரத்தின் அடிவரை 11 அடி 3 அங்குலம்.

வீடு பங்காளிகள் எல்லாருக்கும் பொது. அறையை நான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது பெரியவர் ஒருவர் ஒரே நிபந்தனை போட்டார். “என்ன வேணும்னாலும் செஞ்சுக்கப்பா. சுவத்துல ஆணி கூடாது, தரையில ஓட்டை கூடாது. நாளைக்கு நீ காலி பண்ணினா அறை இன்னைக்கு இருக்கிற மாதிரியே இருக்கணும்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இந்தச் சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் பல பூச்சாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்து கல்லால் தேய்த்து வழுவழுப்பாக்கியவை. ஓர் ஆணியை அடித்தால் ஆணி போகிற இடம் மட்டும் போகாது. சுற்றிலும் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு சுவரைவிட்டுக் கிளம்பிவிடும். தட்டினால் பொக்கென்று சத்தம் கேட்கும். அதைச் சிமெண்டால் அடைத்தால் இன்னும் மோசம்: சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருப்பது, சிமெண்ட் அதை அடைத்துக்கொள்ளும், ஓரத்தில் உப்புப் பூத்து உதிரும். எங்கள் வீட்டிலேயே பழைய மின்பெட்டி இருந்த இடத்தில் அப்படி ஒரு வடு உண்டு.

ஆக, பட்டறை என்றால் கருவிகளைச் சுவரில் மாட்டுவது என்ற வழக்கமான ஏற்பாடு ஆரம்பத்திலேயே அடைபட்டுப்போனது.

முதலில் அறையைக் காலிசெய்து, கழுவி, காயவிட்டு, எந்தச் சாமான் எங்கே நிற்கப்போகிறதோ அதை முழு அளவில் தரையில் கோலமாவால் கோடிழுத்தேன். பெஞ்சு 6 அடிக்கு 22 அங்குலம், மர ரேக் 8 அடிக்கு 16 அங்குலம், டிரில் ஸ்டாண்டு 18 அங்குலச் சதுரம். பிறகு 6 அடி ரீப்பர் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நுழைந்து, திரும்பி, பெஞ்சு வரை நடந்து பார்த்தேன். காகிதத்தில் வரைந்தபோது பெஞ்சின் முனை வாசலிலிருந்து 3 அடியில் இருந்தது, தாராளமாகத் தெரிந்தது. ரீப்பரைப் பிடித்துத் திரும்பும்போது அது போதவில்லை. 4½ அடிக்குத் தள்ளவேண்டியிருந்தது. கோலமாவைத் துடைத்து மறுபடி போடுவதற்கு ஒரு செலவும் இல்லை. கனமான பெஞ்சை நகர்த்திப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது வேறு கதை.

அந்த நடையிலேயே இன்னொன்றும் தெளிவானது. 8க்கு 4 பிளைவுட் இந்த அறைக்குள் வரவே வேண்டியதில்லை. 19 மில்லிமீட்டர் பலகை ஒன்று முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். குனிந்து நுழையும் நிலையில் அதைத் திருப்புவது நடக்காத காரியம். முற்றத்தில் 2 அங்குலத் தெர்மோகோல் அட்டைகளை விரித்து, அதன்மேல் பிளைவுட்டைப் படுக்கவைத்து, நேர் பட்டியை கிளாம்பால் பிடித்து, கைச் சர்க்குலர் ரம்பத்தால் தோராய அளவுக்கு அறுத்துக்கொள்கிறேன். ரம்பத்தின் ஆழத்தைப் பலகைக்கு 2 நூல் (கால் அங்குலம்) கூடுதலாக வைத்தால் பல் தெர்மோகோலைத்தான் கீறும், முற்றத்துக் கல்லைத் தொடாது. அறைக்குள் வருவது துண்டுகள் மட்டும். இதனால் உள்ளே பெரிய மேசை ரம்பம் வைக்கும் எண்ணத்தையே விட்டேன். அது பிடித்திருக்கக்கூடிய 30 சதுர அடி மிச்சம்.

கருவிகளுக்காக முதலில் வைத்தது கதவுபோட்ட ஒரு பிளைவுட் அலமாரி. பழையது, 6 அடி உயரம், மேற்குச் சுவரை ஒட்டி நிறுத்தினேன். வெளியிலிருந்து பார்க்க அழகாக இருந்தது. ஆனால் கதவைத் திறக்க முன்னால் ஒன்றரை அடி வெற்றிடம் தேவைப்பட்டது, அந்த இடத்தில்தான் எப்போதும் ஏதாவது ஒரு பலகை சாய்ந்திருக்கும். அதை நகர்த்திவிட்டுத் திறப்பதற்குப் பதில் உளியைப் பெஞ்சிலேயே போட்டுவிடத் தோன்றும். ஒரு மழைக்காலம் முடிந்து அலமாரியை இழுத்தபோது, பின்பலகையில் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை கரையான் மண் வரி ஓடியிருந்தது. கீழ்த்தட்டில் வைத்திருந்த மர இழைப்புளி ஒன்றின் கைப்பிடி வெளியே முழுசாகவும் உள்ளே பொக்காகவும் இருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போனது.

அதற்குப் பிறகு இந்த அறையில் எந்தப் பொருளும் சுவரைத் தொடக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். சுவருக்கும் சாமானுக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி, டார்ச் அடித்தால் பின்புறம் முழுதும் தெரியவேண்டும். கரையான் வெளிச்சத்தில் வராது. மண்வரி போட்டுத்தான் ஏறும். அந்த வரி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்தால் வாரம் ஒரு பார்வை போதும்.

பெஞ்சுக்கு வருகிறேன். புது மரம் வாங்கவில்லை. இங்கே இடிக்கிற வீடுகளின் மரம் கிடைக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தூணும் கதவும் எந்த அளவுக்குப் புழங்குகின்றன என்று. பர்மா தேக்கு என்றால் விலை எகிறும். பெஞ்சுக்கு அது தேவையும் இல்லை. கனமான, அடி தாங்குகிற மரம் போதும். பழைய வேங்கை உத்தரத் துண்டுகள் கன அடி 1,400 ரூபாய்க்குக் கிடைத்தன. 5 கன அடி எடுத்தேன். இழைத்து முடித்தபின் பெஞ்சில் நின்றது ஏறக்குறைய 4. மீதி சீவலும் விரிசல் முனைகளும்.

பழைய மரத்தில் இழைப்புளி வைப்பதற்கு முன் ஆணி தேடவேண்டும். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை நூலில் கட்டி, பலகைக்கு ஒரு விரற்கடை மேலே மெதுவாக இழுத்துக்கொண்டு போனேன். காந்தம் லேசாகச் சாய்ந்தால் அங்கே இரும்பு இருக்கிறது. சாக்பீஸால் வட்டம் போட்டு, சுற்றிலும் உளியால் குழிதோண்டி, கொறடால் பிடுங்கவேண்டும். தலை துருப்பிடித்து உதிர்ந்துபோன ஆணிகளை எடுக்க முடியாமல், அந்த இடத்தைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிப் போட்டிருக்கிறேன். பழைய பெயிண்ட் இருக்கிற மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், அந்தப் பொடி மூச்சில் போகக்கூடாது. தண்ணீர் தடவி ஈரமாகச் சுரண்டி எடுத்து, சுரண்டியதைத் தனியாகக் கட்டி அப்புறப்படுத்தினேன். இன்னொன்று: வேங்கை ஈரம் பட்டால் சாயம் விடும். ஈரத் துணியை அதன்மேல் வைத்துவிட்டு அதே துணியால் வெள்ளை மரத்தைத் துடைத்தால் பழுப்புக் கறை ஏறும்.

மேல்பலகை 6 அடி நீளம், 22 அங்குல அகலம், 2½ அங்குலக் கனம். கால்கள் 3½ அங்குலச் சதுரம். ஒரு கட்டையின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி இன்னொன்றின் துளையில் செருகித்தான் கூட்டினோம், மரையாணி இல்லை. உதவிக்கு வந்த ஆசாரி எங்கள் வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் வேலை செய்தவர். தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் பிடித்து இழைத்துப் பழகியவர். “தம்பி, எனக்கு இந்த மேசையெல்லாம் வேணாம். ஆனா நீங்க நின்னு செய்யப்போறீங்கன்னா, கையத் தொங்கப் போட்டு, மணிக்கட்டு வர்ற இடத்துக்குக் கொஞ்சம் கீழ வைங்க. இழைக்கிறது தோள்ல இல்ல, இடுப்புலதான்.” எனக்கு அது 32 அங்குலம். 34 இருக்கட்டும் என்றுதான் முதலில் கால்களை அறுத்திருந்தேன். இழைத்துப் பார்த்தபோது இழைப்புளியின்மேல் உடம்புக் கனம் இறங்கவில்லை, முழங்கைதான் வலித்தது. 2 அங்குலம் குறைத்தோம். உயரத்தில் சந்தேகம் இருந்தால் கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள், குறைப்பது சுலபம்.

தரை, பழைய மடையை நோக்கி 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் சரிகிறது. தானிய அறையைக் கழுவிவிட வசதியாக அப்படிப் போட்டிருக்கிறார்கள். பெஞ்சின் நான்கு கால்களிலும் கீழிருந்து எம்12 (12 மில்லிமீட்டர்) போல்ட்டைத் திருகி, நட்டை மரத்தில் பதித்து, போல்ட்டின் தலைக்கு அடியில் பழைய டயரை வெட்டி ஒட்டினேன். ஸ்பேனரால் திருகி மட்டம் பார்த்துக்கொள்ளலாம். ரப்பர் இருப்பதால் தரையில் கீறல் விழாது, நழுவவும் நழுவாது. பெஞ்சு மட்டும் 90 கிலோ வரும். தரையில் போல்ட் அடிக்க முடியாத குறையைப் போக்க, கீழ்த்தட்டில் கொல்லையில் கிடந்த உடைந்த ஆட்டுக்கல் ஒன்றைத் தூக்கி வைத்திருக்கிறேன். குறுக்காக இழைத்தாலும் இப்போது அசைவதில்லை.

பெஞ்சைச் சுவரோரமாகப் போடாமல், ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுகிற மாதிரி அறையின் நடுவே விட்டேன். வலது கைக்காரனுக்கு இடப்பக்க வெளிச்சம்தான் சரி. கையின் நிழல் கோட்டின்மேல் விழாது. இரண்டு பக்கமும் 3 அடி நடைவழி.

அடுத்தது கருவிகளை எங்கே மாட்டுவது. தரையில் தனியாக நிற்கும் ஸ்டாண்டு ஒன்று செய்து பார்த்தேன். ஒரு பக்கமாகக் கனம் ஏறினால் சாயப் பார்த்தது, சாயாமலிருக்க அடிக்கட்டையை நீட்டினால் காலில் இடறியது. ஆசாரிதான் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “கீழயும் மேலயும் முட்டு குடுத்துருங்க தம்பி. சுவத்தத் தொடவே வேணாம்.”

அந்த முட்டுக்கால்தான் இந்தப் பட்டறைக்கு உயிர். செய்முறை இது. 3க்கு 2 அங்குலத் தேக்குச் சட்டம், நீளம் 10 அடி 11 அங்குலம். உச்சியில், மர இழையின் போக்கிலேயே 18 மில்லிமீட்டர் பிட்டால் 5 அங்குல ஆழத்துக்கு ஒரு துளை. அதில் முழு மரை வெட்டிய எம்16 போல்ட்டை, தலை மேலே இருக்கும்படி இறக்கவேண்டும். போல்ட்டில் ஒரு நட்டும், அதன் கீழே அகல வாஷரும். வாஷர் சட்டத்தின் உச்சியில் உட்காரும். நட்டைத் திருகினால் போல்ட் மேலே ஏறும். போல்ட்டின் தலைமேல் 4 அங்குலச் சதுரப் பலகை, அதன்மேல் ரப்பர். கீழே 8 அங்குலச் சதுரப் பாதம், அதன் அடியிலும் ரப்பர். சட்டத்தை நேராக நிறுத்தி, தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, நட்டைக் கையால் இறுகும்வரை திருகி, அதற்குமேல் அரைச் சுற்று மட்டும். அவ்வளவுதான். உத்தரத்தைத் தூக்கும் அளவுக்கு ஒருபோதும் திருகக்கூடாது, மேல்தளத்தில் விரிசல் விடும். முட்டுகிற இடம் உத்தரத்தின் நேர் அடியில் இருக்கவேண்டும், செங்கலின் அடியில் இருக்கக்கூடாது. உத்தரம் சுவருக்குள் இறங்குகிற முனையின் பக்கமாக முட்டினால் நல்லது, அங்கே மரம் வளையாது.

எங்கள் அறையில் உத்தரங்கள் ஒன்றரை அடிக்கு ஒன்று ஓடுகின்றன. ஒன்றுவிட்டு ஒன்றில் முட்டினேன், 3 அடிக்கு ஒன்றாக மூன்று கால்கள். சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி. கால்களின் குறுக்கே 6 அடி நீளத்தில் 18 மில்லிமீட்டர் பிளைவுட் பட்டிகள். ஒவ்வொரு பட்டியின் மேல்விளிம்பும் 45 டிகிரி சாய்வில், சரிவு சுவரை நோக்கி இறங்கும்படி அறுத்தது. கருவி மாட்டும் சிறு பலகையின் முதுகில் அதே சாய்வில் தலைகீழாக ஒரு பட்டி ஒட்டிவிட்டால், ஒன்றின்மேல் ஒன்று கொக்கிபோட்டு உட்கார்ந்துகொள்ளும். கழற்ற, மேலே தூக்கினால் போதும். பட்டிகளுக்கு நடுவே 7 அங்குல இடைவெளி. மாட்டும் பலகையின் அடிப்பக்கத்தில் பட்டியின் கனத்துக்குச் சமமான ஒரு துண்டு வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பலகை உள்பக்கம் சாய்ந்து, கருவி எடுக்கும்போதெல்லாம் தடதடக்கும்.

உளிகளுக்குச் செய்த பலகையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். கால், அரை, முக்கால், ஒரு அங்குலம் என்று நான்கு உளிகள். துளை போட்டு மேலிருந்து சொருகினால், எடுக்கும்போது உளியை அதன் முழு நீளத்துக்கும் தூக்கவேண்டும், மேல்வரிசைக் கருவியில் இடிக்கும். அதனால் துளையின் முன்பக்கத்தைத் திறந்துவிட்டேன். காம்பின் கழுத்து நுழையும் அளவுக்கு, 5 நூல் அகலத்தில் வாய். உளியை முன்னால் இழுத்தாலே வந்துவிடும். அலகின் முனை கைபடாமல் இருக்க, கீழே 6 மில்லிமீட்டர் பிளைவுட் தடுப்பு. தடுப்பின் அடி மூடவில்லை, தூசி தங்காது.

மின்சாரத்துக்குப் பழைய வயரிங்கைத் தொடவில்லை. மரப்பட்டியில் ஓடும் அந்தக் கம்பிகள் விளக்குக்கும் விசிறிக்கும் போட்டவை. மெயின் போர்டிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி தனியாக இழுத்து, 20 ஆம்பியர் எம்சிபி (சுமை மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் அணையும் சுவிட்ச்) போட்டு, பட்டறைக்கு 16 ஆம்பியர் பாயிண்ட் கொடுத்தோம். பைப் ஜன்னலுக்கு மேலுள்ள காற்றுத்துளை வழியாக நுழைந்து முட்டுக்காலில் இறங்குகிறது. சுவரில் ஒரு கிளாம்ப் கூட இல்லை. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது துளை பேருக்கு மட்டும் இருப்பது உண்டு. இரண்டு 20 வாட் எல்இடி பட்டைகளையும் முட்டுக்கால்களிலிருந்து நீட்டிய கைகளில் தொங்கவிட்டேன். பெஞ்சின் முன்விளிம்புக்கு நேர் மேலே இருக்கவேண்டும். நமக்குப் பின்னால் இருந்தால் நம் தலை நிழலே வேலைமேல் விழும்.

மரம் வைக்கும் ரேக் தெற்குப் பக்கம். அடியில் கருங்கல் துண்டுகள், தரையிலிருந்து 9 அங்குலம். நீளப் பலகைகள் படுக்கையாக, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே ஒரே கனமான குச்சிகள், குச்சிகள் ஒன்றுக்கு நேர் மேல் ஒன்றாக. 2 அடிக்குக் குறைந்த துண்டுகளுக்கு ஒரே ஒரு பெட்டி. பெட்டி நிறைந்தால் அடுப்புக்குப் போய்விடும். துண்டு மரத்தைத் தூக்கிப்போட எனக்கு மனசு வராது. பெட்டியின் அளவுதான் எனக்காக முடிவெடுக்கிறது.

துரு பற்றி. எங்கள் ஊரில் 1953ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உலோக அரிமானம் அங்கே முக்கியமான ஆய்வுத் துறை. அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற எதிர்வீட்டு அண்ணனிடம், ஐப்பசி மழைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டேன். “மழைய விடு. சித்திரையில உன் கை வேர்வை படுற உப்புதான் முதல்ல அரிக்கும். வேலை முடிஞ்சதும் துடைச்சு எண்ணெய் போட்டுட்டா மழைக்காலத்துல பாதிக் கவலை இல்ல” என்றார். அதன்படி ஒரு தகர டப்பாவில் தையல் மெஷின் எண்ணெய் ஊறிய துணிச்சுருளை வைத்து, பெஞ்சின் வலப்பக்க மூலையிலேயே நிறுத்தியிருக்கிறேன். உளியை மாட்டப் போகும் வழியில் ஒரு இழுப்பு. பழைய சாமான் கடையில் வாங்கிய துருப்பிடித்த இழைப்புளி அலகுகளுக்கு எலுமிச்சை உப்பு நன்றாக வேலை செய்தது: லிட்டருக்கு 50 கிராம், ஒரு ராத்திரி ஊறல், காலையில் பிரஷ் போட்டு, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய். தாமதித்தால் கண்ணெதிரே மறுபடி சிவக்கும்.

சாணை பிடிக்கும் கல்லுக்குத் தனி இடம், ஜன்னலடியில், ஒரு கருங்கல் பலகையின் மேல். ஒரு முகம் 1000, மறுமுகம் 6000 கிரிட் (எண் கூடினால் கல் நைசு) என்று ஒட்டிய ஒரு கல், பக்கத்தில் தண்ணீர் பாட்டில், பழைய துண்டு. அது எப்போதும் விரித்தபடியே இருக்கும். அலமாரிக் காலத்தில் கல்லைப் பெட்டியிலிருந்து எடுத்து, தண்ணீர் கொண்டுவந்து, பெஞ்சைக் காலிசெய்து பிடிக்கவேண்டியிருந்தது. அதனால் மழுங்கிய உளியோடேயே மல்லுக்கட்டுவேன். இப்போது நாலு எட்டு வைத்தால் கல். மொத்த ஏற்பாட்டிலும் வேலையின் தரத்தை மாற்றியது எது என்று கேட்டால் இந்த மூலையைத்தான் சொல்வேன்.

தூசி விஷயத்தில் வீட்டோடு ஒரு உடன்பாடு செய்துகொள்ளவேண்டியிருந்தது. முற்றத்தில் மோர் மிளகாயும் கூழ்வடகமும் காய்கிற நாளில் நான் ரம்பத்தை ஓட்டியதால், வடகத்தின்மேல் மரத்தூள் படிந்துவிட்டது. ஆச்சி சத்தம் போடவில்லை. தட்டை எடுத்து உதறிவிட்டு, “வெயில் இறங்கின பெறகு அறுத்துக்கப்பா, நான் எடுத்து வச்சிர்றேன்” என்றார்கள். அன்றிலிருந்து முற்றத்து அறுப்பு மாலை 4 மணிக்குமேல்தான். அறைக்குள் 1,400 வாட் வாக்யூம், நடுவே தூளைச் சுழற்றிக் கீழே விழவைக்கும் ஒரு சைக்ளோன் கூம்பு, அடியில் 20 லிட்டர் பெயிண்ட் வாளி. குழாய் அடைத்துக்கொண்டபோது வாளி உறிஞ்சலில் நசுங்கிவிட்டது. ஒரு வாளிக்குள் இன்னொரு வாளியைச் செருகி, நடுவே ஒரு மர வளையம் கொடுத்தபின் தாங்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995ல் வெளியிட்ட அறிக்கையில், மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்துவிட்டது. வாக்யூம் ஓடினாலும் உப்புத்தாள் போடும்போது என்95 முகக்கவசம் கட்டாயம்.

கருவிகளுக்கு இறுதியான இடம் கைப்பெட்டி வேலையில்தான் முடிவானது. பெஞ்சின் பக்கத்தில் ஒரு சிலேட்டு வைத்து, வேலை நடுவே பெஞ்சைவிட்டு எதற்காக நகர்ந்தாலும் அந்தப் பொருளின் பேருக்கு நேரே ஒரு கோடு போட்டேன். பெரிய கருவிகளுக்கு விழுந்த கோடுகள் கொஞ்சம். பென்சில், மூலைமட்டம், ஃபெவிகால் துடைக்கும் துணி, உப்புத்தாள், இவற்றுக்குத்தான் வரிசையாக விழுந்தன. இழைப்புளிகளைக் கண்ணுக்கு நேர் உயரத்தில் அழகாக மாட்டியிருந்தேன். அவற்றை மேல் பட்டிக்கு ஏற்றிவிட்டு, அந்த இடத்துக்கு மூலைமட்டமும் அடிக்கோலும் பென்சில் கட்டையும் வந்தன. கிளாம்புகள் கனம் என்பதால் கீழ்ப் பட்டிக்கு இறங்கின. சாய்வுப் பட்டி என்பதால் இதெல்லாம் ஒரு சாயங்காலத்தில் நடந்தது. சுவரில் ஆணி அடிக்க விட்டிருந்தால் முதல் நாளிலேயே எல்லாவற்றையும் அடித்து நிறுத்தியிருப்பேன், பாதி தப்பான இடத்தில் இருந்திருக்கும்.

ஆசாரிக்காக, பெஞ்சுக்கும் ரேக்குக்கும் நடுவே 4 அடிச் சதுரம் காலியாக விட்டிருக்கிறோம். கதவுப் பலகையில் பூவேலை செய்ய அவர் வரும்போது பாய் விரித்து உட்காருவார். அந்த இடத்தில் எதையும் வைப்பதில்லை.

செலவுக் கணக்கு: பெஞ்சுக்கு மரம் 7,000, வைஸ் (பெஞ்சில் மரத்தை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி) 3,200, ஆசாரி கூலி 4,800. முட்டுக்கால், பட்டி, போல்ட் எல்லாம் சேர்த்து 5,600. மின்சாரம் 7,400. வாக்யூம், சைக்ளோன், வாளிகள் 8,900. மர ரேக் 2,500. சில்லறை 1,900. மொத்தம் 41,300 ரூபாய். கருவிகள் முன்பே இருந்தவை, இதில் சேரவில்லை. அலமாரிக்குப் போன பணத்தையும் சேர்க்கவில்லை.

திரும்பச் செய்வதானால் வரிசையை மாற்றுவேன். முதலில் பெஞ்சும் சாணைக்கல்லும் மட்டும். கருவிகளை ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு, ஒரு முக்காலியாவது செய்து முடித்து, சிலேட்டில் விழுந்த கோடுகளைப் பார்த்த பிறகே மாட்டும் பலகைகளில் கை வைப்பேன். முட்டுக்காலின் நட்டைக் கோடை முடிவிலும் மழை முடிவிலும் ஒருமுறை தொட்டுப் பார்க்கவேண்டும். ரப்பர் அமுங்கிக் கொஞ்சம் தளர்கிறது. டிரில் ஸ்டாண்டுக்குச் சக்கரம் வைத்தது சரிப்படவில்லை, சரிவான தரையில் தானாக மடைப்பக்கம் நகர்கிறது. கழற்றிவிட்டு ரப்பர் பாதம் போடப்போகிறேன். மெருகுபோட இடமில்லை என்பது இன்னும் குறைதான். தூள் பறக்கிற அறையிலேயே வார்னிஷ் அடித்தால் பரப்பு சொரசொரப்பாகிறது. இப்போதைக்கு இரண்டாம் கட்டு ஓரத்தில், கதவடைத்த ஒரு சின்ன அறையில் ராத்திரி அடித்துக் காயவிடுகிறேன்.

தை பிறந்ததும் கடைசல் இயந்திரம் ஒன்று வாங்க உத்தேசம். ஜன்னலுக்கு வலப்பக்கம் 4 அடி விட்டு, அதற்கு மட்டும் ஒரு 16 ஆம்பியர் பாயிண்ட் இழுத்து வைத்திருக்கிறேன்.